வாசலுக்கு வந்துவிட்ட பிறர் பொருள்

கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பார்சல். மேலே இருப்பது நம் வீட்டில் யாருடைய பெயரும் இல்லை. கொண்டுவந்தவர் வண்டியை எடுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார். நாம் கேட்கவில்லை, கை நீட்டி வாங்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. யார் தவறு செய்திருந்தாலும் நாம் செய்யவில்லை. அப்படியிருக்க, அந்தப் பொருளுக்கு நாம் ஏதாவது செய்யக் கடமைப்பட்டிருக்கிறோமா?

மனசாட்சி உள்ள யாரும் அதைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லமாட்டார்கள். "இங்கேயே இருக்கட்டும், தேடிக்கிட்டு வந்தா கொடுத்துடலாம்" என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். பார்சல் செருப்பு ஸ்டாண்டின் மேல் ஏறும். அதன் மேல் பழைய செய்தித்தாள் ஏறும். யாரும் தேடி வராமல் வாரம் ஓடிவிடும். அந்த வீட்டில் ஒருவரும் திருடவில்லை, ஆனாலும் ஒருவருடைய பொருள் அவர் கைக்குப் போகவில்லை. திருடாமல் இருந்துவிட்டால் நேர்மையாக இருந்துவிட்டோம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நடக்க வேண்டிய தூரம் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

பார்சல்கள் ஏன் இப்படி வழி தவறுகின்றன என்று பார்த்தால், கொண்டுவருபவரின் அசட்டை மட்டும் காரணமில்லை. நான் இருப்பது சென்னையின் தென்புறநகர். 2011-இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என மொத்தம் 42 உள்ளாட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் ஆனது. ஊர்கள் ஒன்றாகிவிட்டன, தெருப் பெயர்கள் இருந்தபடியே இருந்தன. ஓர் ஊராட்சிக்கு ஒரு காந்தி தெரு, அடுத்த ஊராட்சிக்கும் ஒரு காந்தி தெரு. பாரதியார் தெருவுக்கும் பிள்ளையார் கோயில் தெருவுக்கும் கேட்கவே வேண்டாம். அதற்கு மேல் மனை போட்டு விற்றவர்கள் வைத்த நகர்கள், ஒவ்வொரு நகரிலும் முதல் பிரதான சாலை, இரண்டாவது குறுக்குத் தெரு, பிறகு ஒரு விரிவு. கதவில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, பத்திரத்தில் இருக்கும் மனை எண் ஒன்று. உள்ளூர்க்காரரே தடுமாறுகிற இடத்தில் வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர் தடுமாறுவதில் வியப்பில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15-இல் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் எழுதப்படும் முகவரிகள், பிழையான முகவரிகள் ஆகியவற்றுக்கு நடுவே கடிதம் தப்பாமல் போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். முதல் மூன்று இலக்கங்கள் கடிதத்தை மாவட்டம் வரை கொண்டுபோகும், கடைசி மூன்றும் தபாலாபீஸ் வரை கொண்டுபோகும். அங்கிருந்து வீட்டு வாசல் வரை கொண்டுவந்தது அந்தத் தெருவை மனப்பாடமாக அறிந்த தபால்காரரின் நினைவாற்றல். பெயர் பாதி அழிந்திருந்தாலும் "இது வாத்தியார் வீட்டுக்கு" என்று அவருக்குத் தெரியும். இன்று பார்சல் கொண்டுவருபவர் கையில் அந்த நினைவுக்குப் பதிலாக மேப் இருக்கிறது. 2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற புதிய முறையையும் வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு தருகிறார்கள். மிக நல்ல முயற்சி. ஆனாலும் நான்கு மாடிக் குடியிருப்பில் தரைத்தளமும் மூன்றாவது மாடியும் ஒரே கட்டத்துக்குள்தான் வரும். குறியீடு எவ்வளவு நுட்பமானாலும் கடைசிச் சில அடிகளை மனிதர்தான் கடக்க வேண்டியிருக்கிறது. தவறும் அங்கேதான் நேர்கிறது.

அப்படி ஒரு நாள் காலை எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. எங்கள் தெருப் பெயர், எங்கள் கதவு எண், "பிள்ளையார் கோயில் எதிரில்" என்ற அடையாளம்கூட எங்களுக்குப் பொருந்தியது. பெயர் மட்டும் வேறு. பின்கோடில் கடைசி இலக்கம் வேறு. போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கடைசி நான்கு எண்களைத் தவிர மற்றதெல்லாம் நட்சத்திரக் குறிகள். இதே பெயரில் இன்னொரு தெரு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பது எனக்குத் தெரியும். பெட்டியை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு மத்தியானம் போனேன்.

கிரில் கதவுக்குப் பின்னால் வயதான அம்மா ஒருவர் வந்து நின்றார். "உங்க பார்சல் ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்துடுச்சும்மா" என்றேன். "நாங்க எதுவும் ஆர்டர் போடலையே. காசெல்லாம் தரமாட்டேன் தம்பி. ஓடிபியும் சொல்லமாட்டேன்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. வராத பார்சலைச் சொல்லி ஓடிபி கேட்டுப் பணத்தைப் பறிக்கிறவர்கள் இருக்கிற காலம் இது. "எதுவும் வேணாம்மா, பேரு சரியான்னு மட்டும் பாருங்க" என்று பெட்டியை மதில் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கண்ணாடியை எடுத்துவந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அவருடைய கணவர் பெயர். பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் மகளின் குரல் கேட்டது. "அதும்மா, அப்பாவுக்கு ஏர் பெட். காலையிலேயே டெலிவரி ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சே. நீ வாங்கி வெச்சிருப்பேன்னு நெனச்சேன்."

உள்ளே அவர் கணவர் படுத்த படுக்கையாக இருந்தார். முதுகில் புண் வரத் தொடங்கியிருந்ததால், காற்று மாறி மாறி நிரம்பும் அந்த மெத்தையை மகள் வாங்கி அனுப்பியிருந்தாள். அது வரும்வரை மணிக்கணக்குப் பார்த்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது இந்த அம்மாவின் வேலையாக இருந்தது.

அங்கிருந்து திரும்பும்போது ஒரு விஷயம் எனக்குத் தெளிவானது. பெங்களூரில் இருப்பவளுக்குப் பொருள் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைப்பு. சென்னையில் இருப்பவருக்கு அப்படி ஒரு பொருள் வருவதே தெரியாது. அனுப்பியவர் கணக்கிலோ வேலை முடிந்துவிட்டது. அந்தப் பெட்டி தவறான வீட்டில் இருக்கிறது என்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் வெளியூரிலிருந்து பெற்றோருக்கு மருந்தும் மெத்தையும் ஊன்றுகோலும் ஆர்டர் செய்து அனுப்புவது இன்று வீட்டுக்கு வீடு நடக்கிறது. தன் பொருள் வந்ததே அறியாதவர் எப்படித் தேடி வருவார்? "கேட்டு வந்தா கொடுப்போம்" என்று நாம் காத்திருப்பது நியாயம்போலத் தெரியும். நடப்பில் அது கொடுக்காமல் இருப்பதற்குச் சமமாகிவிடும். தவறு யாருடையது என்ற கேள்வி முக்கியமில்லாமல் போவது இந்த இடத்தில்தான். விஷயம் யாருக்குத் தெரிந்திருக்கிறதோ, அவர்தான் அசைய வேண்டும்.

இதைச் சட்டமும் வெகுகாலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 72-ஆவது பிரிவின்படி, தவறுதலாக ஒருவருக்குப் பணம் கொடுக்கப்பட்டாலோ பொருள் ஒப்படைக்கப்பட்டாலோ அவர் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். 70-ஆவது பிரிவை விளக்க அந்தச் சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது. வியாபாரி ஒருவர் தவறுதலாக ஒரு வீட்டில் சரக்கை வைத்துவிட்டுப் போகிறார், வீட்டுக்காரர் அதைத் தன்னுடையதாகப் பாவித்துப் பயன்படுத்துகிறார் என்றால், அதற்கு அவர் விலை கொடுக்கக் கடமைப்பட்டவர். அதில் பேசப்படும் வியாபாரி மாட்டுவண்டியில் வந்திருக்கலாம், இன்று மோட்டார் சைக்கிளில் வருகிறார். விஷயம் மாறவில்லை. 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் இன்னும் கறாராக, பிறருக்குச் சேர வேண்டிய தபாலை வேண்டுமென்றே வைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டுவரை சிறை என்று சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூனில் புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனால் பிறர் பொருளை நேர்மையின்றித் தன்னுடையதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆவது பிரிவில் இன்றும் குற்றமே. கண்டெடுத்த பொருளைக் காப்பதற்காகவோ உரியவரிடம் சேர்ப்பதற்காகவோ எடுத்து வைப்பது குற்றமாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, பெட்டியை உள்ளே எடுத்து வைக்கப் பயப்பட வேண்டியதில்லை. எடுத்து வைத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

"பெரிய கம்பெனிதானே, பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க, யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தெருவுக்குப் பார்சல் கொண்டுவரும் இளைஞர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "கஸ்டமருக்குப் பணம் போயிடும் சார். கம்ப்ளெயின்ட் என் பேர்லதான் நிக்கும். பார்சல் கிடைக்கலைன்னா என் கணக்குல பிடிப்பாங்க" என்றார். பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அவர். தொலைந்த பெட்டியின் விலை அவருக்குப் பல நாள் உழைப்பு. வெளியே நஷ்டமே தெரியாத மாதிரி முடிந்துபோகிற கணக்கில், அதைத் தாங்கவே முடியாதவர் தலையில் நஷ்டம் இறங்கியிருக்கிறது. நாம் எடுக்கும் சின்ன முயற்சி பொருளுக்கு உரியவரோடு நின்றுவிடுவதில்லை, முகம்கூட நினைவில்லாத அந்த இளைஞரின் சம்பளத்தையும் காக்கிறது.

இதற்காக ஊரெல்லாம் அலைய வேண்டும் என்று சொல்லவில்லை. கடமைக்கும் ஓர் அளவு உண்டு. அதே குடியிருப்பில் வேறு மாடி என்றால் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். பக்கத்துத் தெரு, வண்டியில் போகிற தூரம் என்றாலும் அப்படியே. ஊரின் மறுகோடி என்றால், லேபிளில் உள்ள எண்ணைச் சொல்லி அனுப்பியவருக்கும் கொண்டுவந்த நிறுவனத்துக்கும் தகவல் கொடுத்து, அவர்கள் ஆள் வரும்வரை பத்திரமாக வைத்திருந்தால் போதும். தபாலில் வந்தது என்றால் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். மருந்து, ஊறுகாய், பலகாரம் என்று கெட்டுப்போகக்கூடியதாகத் தெரிந்தால் நாள் கடத்தக்கூடாது. எதுவானாலும் பிரிக்கக்கூடாது. ஒருவர் என்ன மருந்து சாப்பிடுகிறார், என்ன புத்தகம் படிக்கிறார் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. கேட்டு வருகிறவர் உரியவர்தானா என்று லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுப்பதும் இந்தக் கடமையில் சேர்ந்ததே.

எச்சரிக்கை வேண்டும், மறுக்கவில்லை. நம் கணக்கில் தவறுதலாகப் பணம் போட்டுவிட்டேன், திருப்பி அனுப்பு என்று பொய்யாகக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது வங்கி மூலமாகத் திருப்பிக் கொடுப்பதே சரியான வழி. ஆனால் எச்சரிக்கை நம்மைச் செயலற்றவர்களாக ஆக்கிவிடக்கூடாது. அந்த அம்மா என்னைச் சந்தேகப்பட்டார், ஆனாலும் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து பெயரைப் படித்தார். நானும் அவர் சந்தேகத்தை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத இருவர் ஒருவரையொருவர் முழுசாக நம்பாமலேயே ஒரு நல்ல காரியத்தை முடிக்க முடிகிறது. இன்றைய நகர வாழ்க்கையில் இது பெரிய ஆறுதல் என்று நினைக்கிறேன்.

நேர்மை என்றதும் லட்ச ரூபாய்ப் பையைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ஆட்டோ ஓட்டுநரின் செய்தி நம் நினைவுக்கு வருகிறது. அவரை வணங்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் வாழ்க்கையில் அப்படி ஒரு பை வருவதேயில்லை. நமக்கு வருவது ஐந்நூறு ரூபாய்ப் பார்சல், பக்கத்து வீட்டு மின்கட்டண நோட்டீஸ், யாருக்கோ வந்த கல்யாணப் பத்திரிகை. இவற்றில் யாரும் நம்மைப் பாராட்டப்போவதில்லை. செய்யாமல் விட்டால் பழி சொல்லப்போவதும் இல்லை. பயமும் புகழும் இரண்டுமே இல்லாத இந்தச் சின்ன விஷயங்களில்தான் பிறர் பொருள்மேல் நமக்குள்ள மதிப்பு உண்மையில் எவ்வளவு என்பது தெரியவரும். அதனால், தவறி வந்த பார்சலை இனி செருப்பு ஸ்டாண்டின் மேல் வைக்காதீர்கள். கையில் எடுத்து முகவரியைப் படித்துப் பாருங்கள். முடிந்தால் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.