அறியாத செடியும் ஆராயாத தீர்ப்பும்

 

நெய்வேலி குவார்ட்டர்ஸ்வாசிகளுக்கு ஒரு பாக்கியம் உண்டு. வீட்டைச் சுற்றி மண் இருக்கிறது; மாவும் பலாவும் முந்திரியும் அதில் தழைக்கின்றன. ஆனால் ஒரு மழை பெய்து ஓய்ந்தால், நாம் நடாதவை, விதைக்காதவை, பெயர்கூட அறியாதவை பல முளைத்து நிற்கும். அவற்றைப் பிடுங்குவதா, விட்டுவிடுவதா? இதற்கும் மார்க்கத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்டுவிடாதீர்கள். நாம் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஒரு மழைக்காலத்தில் பள்ளிவாசல் முற்றத்தைச் சுத்தம் செய்ய மோதினார் பாய் மண்வெட்டியுடன் வந்தார். ஹௌழ் ஓரத்திலிருந்த சிறு செடிகளைப் பிடுங்கி எறிந்தார். சுவரோரமாகக் காரட் இலை போன்ற இலையும் வெண்ணிறச் சிறு பூக்களுமாய் ஒரு செடி கூட்டமாக நின்றது. அதில் அவர் கை வைத்தபோது நாம் தடுத்தோம். கப்றின் மீதுள்ள பச்சைப் புல்லைப் பிடுங்குவது மக்ரூஹ், அது ஈரமாய் இருக்கும்வரை தஸ்பீஹ் செய்கிறது என்று மதரஸாவில் ஓதிய பாடம் நம் நினைவுக்கு வந்தது. "பாவம், இருந்துவிட்டுப் போகட்டும்" என்றோம். நாம் ஆலிம் அல்லவா! அவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

இரண்டு மாதத்தில் அவருடைய கைகளும் கழுத்தும் தடித்துச் சிவந்தன. இரவெல்லாம் அரிப்பு. ஒளூச் செய்தால் எரிச்சல். ஒரு நாள் பள்ளிக்கு எதிரே கீரை விற்கும் அம்மா முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க பாய், அன்னைக்கு மருந்தைப் பிடுங்கி எறிஞ்சுட்டு இப்ப விஷத்தை வளர்க்கிறீங்களே!" என்றார். பிடுங்கியது கீழாநெல்லி, விட்டது பார்த்தீனியம். தோல் மருத்துவரும் அதையே சொன்னார்.

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் நாட்டில் 1955-ல் புனேயில் கவனிக்கப்பட்டது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதோ 1956-ல். ஏறத்தாழ இரண்டுக்கும் ஒரே வயது! ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். காற்று, நீர், எரு, மண் ஏற்றிவரும் லாரிச் சக்கரம் யாவும் அதற்கு வாகனம். பலருக்குத் தோல் நோயும் மூச்சுத் திணறலும் தரும்.

அப்படியானால் அல்லாஹ் இதை வீணாகப் படைத்தானா? இல்லை. ஒவ்வொன்றையும் ஓர் அளவின்படி படைத்ததாகத் திருமறையின் 54-ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. அதன் தாயகத்தில் அதைத் தின்று அடக்கி வைக்கும் வண்டுகள் உண்டு. அத்தகைய வண்டு ஒன்றை மெக்சிகோவிலிருந்து 1983-ல் பெங்களூருக்குத் தருவித்துப் பின்னர் வயல்களில் விட்டார்கள். செடியைப் பெயர்த்து வந்த மனிதன், அதன் அளவை உடன் கொண்டுவரவில்லை.

நிற்க. நம் குற்றத்திற்கு வருவோம். பிரயாணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய இடமுண்டா என்று கேட்டார். உடனிருந்தோர் இல்லை என்றனர். அவர் குளித்தார், மாண்டார். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்குக் கேள்வியே மருந்து என்ற கருத்தில் கூறினார்கள். அபூதாவூதில் வரும் இந்த ஹதீஸை நாம் எத்தனை முறை பிறருக்கு ஓதிக் காட்டியிருப்போம்! கப்றின் சட்டத்தை முற்றத்திற்கு நீட்டினோம்; செடியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் முதலில் கற்றுக் கொடுத்தது பெயர்களையே அல்லவா? அறிந்தவரிடம் கேளுங்கள் என்பது இறைக் கட்டளை. செடியைப் பொறுத்தவரை அன்று அறிந்தவர் அந்தக் கீரைக்கார அம்மா, நாம் அல்லர்.

ஆகவே சகோதரர்களே! உங்கள் தோட்டத்தில் அறியாத செடி கண்டால் இலை, பூ, காய் மூன்றையும் பாருங்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள். கீழாநெல்லிக்கு இலை வரிசையின் அடியில் சிறு காய்கள் தொங்கும். ஆயினும் அடையாளம் தெரிந்தது என்பதற்காக மஞ்சள் காமாலைக்கு நீங்களே அரைத்துக் கொடுக்காதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். பார்த்தீனியமாயின் பூப்பதற்கு முன், மண் ஈரமாயிருக்கையில், உறையணிந்து, மூக்கை மூடிக்கொண்டு வேரோடு எடுங்கள். எடுத்ததை அடுத்த வீட்டு வேலியோரம் எறியாதீர்கள். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவது ஈமானின் ஒரு கிளையாயின், அதை அண்டை வீட்டுக்குத் தள்ளுவது எதன் கிளை?

மோதினார் பாயிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். "அஜ்ரத், நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். அந்தச் சொல்தான் நம்மை இன்றும் சுடுகிறது. நல்லெண்ணம் இருந்தது; இல்மு இல்லை. அரிப்பு அவர் கையில். பொறுப்பு நம் கழுத்தில்.

வல்ல நாயன் நமக்குப் பயனுள்ள இல்மையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.