ஆகாயத்துப் பட்சியை நீ பார்த்ததுண்டா?



மத்தேயு 6:26-ஐ நான் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். வீட்டுக் கூட்டத்தில், உபவாச ஜெபத்தில், துக்க வீட்டில். ஒருநாள் ஆராதனை முடிந்ததும் நம்ம சபையின் வயதான தாயார் ஒருவர் கேட்டார்: "ஐயா, பட்சிகளைப் பாருங்கன்னு ஆண்டவர் சொன்னாரே, நீங்க பாத்திருக்கீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. வேதத்தில் வாசித்தேன், வேதாகமக் கல்லூரியில் படித்தேன். ஆனால் நின்று, கண்ணால் பார்த்ததில்லை!

அப்போது எனக்குக் கஷ்டகாலம். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். ராத்திரி தூக்கமில்லை. அந்த வாரமே பஸ் ஏறி, நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்குப் போனேன்.

1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம் அது. பறவைகள் பயந்துவிடக் கூடாதென்று அந்த ஊர் ஜனங்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. வீட்டுப் பக்கத்து மரங்களிலேயே கூடுகள்! திபெத், மங்கோலியா பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே வருகின்றன. அவைகளுக்கு வழி காட்டுகிறவர் யார்?

நான் கரையில் உட்கார்ந்து ஒரு மஞ்சள்மூக்கு நாரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கலங்கின தண்ணீர். உள்ளே இருக்கிற மீன் அதன் கண்ணுக்குத் தெரியாது. அது அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, காலால் கலக்கிக்கொண்டே மெதுவாக நடக்கிறது. மீன் அலகில் பட்டதும் டக்கென்று மூடிக்கொள்கிறது. பல தடவை வெறும் அலகுதான். ஆனாலும் அது அலகை மூடிக்கொண்டு கரையேறவில்லை!

பிரியமானவர்களே, அங்கே என் கண்கள் கலங்கின. 'தண்ணீர் தெளியட்டும் ஆண்டவரே, அப்புறம் இறங்குகிறேன்' என்று காத்திருந்தவன் நான். நாரையோ கலங்கலிலேயே தேடுகிறது. 2 கொரிந்தியர் 5:7-ல் பவுல் சொல்லுகிற நடை இதுதானே?

வீட்டுக்கு வந்தவுடன் பணம் வந்துவிடவில்லை. மறுநாள் வேலை தேடிப் போனேன். மூன்று மாதம் கழித்துத்தான் ஒரு சின்ன வேலை கிடைத்தது. ஆனால் அன்று ராத்திரி தூங்கினேன். அல்லேலூயா!

எரேமியா 8:7-ல் தீர்க்கதரிசி நாரையைப் பற்றிச் சொல்லுகிறார். இன்றைக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை இஸ்ரவேல் தேசத்து வானத்தில் லட்சக்கணக்கான நாரைகள் கடந்து போகின்றன. தலையை உயர்த்திப் பார்த்தவர்களுக்குத்தான் அது செய்தி.

இந்த வாரம் ஒருநாள் காலை 6 மணிக்கு உங்கள் ஊர்க் குளத்தங்கரைக்குப் போங்கள். குளம் இல்லையா? மொட்டைமாடிக் காக்கை போதும். லூக்கா 12:24-ல் ஆண்டவர் காட்டினது காகத்தைத்தான். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். செல்போனை வீட்டில் வையுங்கள். கூட்டின் பக்கத்தில் போகாதீர்கள், கல்லெறியாதீர்கள். அரை மணி நேரம் ஒரே ஒரு பறவையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் பார்த்ததைச் சொல்லுங்கள். அந்தத் தாயாரும் முன்வரிசையில் காத்திருப்பார்கள்.

கர்த்தர் தாமே உங்கள் கண்களைத் திறப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்