கருப்பிக்கு எதுக்குப் பலகாரம்?

பசியே இல்லாத ஓர் உயிருக்குப் பலகாரம் சுட்டுக் கொடுப்பது அறத்தில் சேருமா? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் என் அக்கா. அவள் குறிஞ்சிப்பாடிக்காரி. வடலூர் பக்கத்தில்தான். தைப்பூசம் நெருங்கினால் தருமச்சாலைக்குக் காய் நறுக்கப் போய்விடுவாள். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி வள்ளலார் தொடங்கிய சாலை அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்த அடுப்பைப் பார்த்தே வளர்ந்தவள், ஊட்டியில் என் வீட்டு ஓவனில் என் நாய் கருப்பிக்கும் குதிரைகளுக்கும் பிஸ்கட் வேகிறதைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள்:

"பசிச்ச வயித்துக்குப் போட்டா அது புண்ணியம். உன் கருப்பி ரெண்டு வேளையும் நல்லாத்தான் சாப்பிடுறா. அவளுக்கு எதுக்குடி பலகாரம்? இது அவளுக்காகவா, உன் ஆசைக்காகவா?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால் பதிலும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அக்கா நின்ற இடம் வலுவானது. ஜீவகாருண்ய ஒழுக்கத்தைப் பற்றி எழுதும்போது வள்ளலார் உயிர்களுக்கு வரும் துன்பங்களை வகை பிரிக்கிறார். பசி, கொலை இரண்டையும் நீக்குவது மேலான கருணை. அதைப் பரஜீவகாருண்யம் என்கிறார். தாகம், பயம், பிணி, இச்சை, எளிமை போன்றவற்றை நீக்குவது அதற்கு அடுத்த படி, அது அபரஜீவகாருண்யம். இந்தக் கணக்கில் என் பிஸ்கட் எங்கே விழும்? கருப்பிக்குப் பசி இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு ஓவன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே, அது இச்சை. இரண்டாம் படியில், அதுவும் நடுவில் எங்கோ இருக்கிற ஒரு சின்ன விஷயம். அதைப் பெரிய தருமம் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த அளவுக்கு அக்கா சொன்னது சரி.

அவளுடைய இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. இது யாருடைய ஆசை? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதையே இருக்கிறது. திருவிடைமருதூர்க் கோயிலின் கிழக்கு வாசலில் பட்டினத்தார், மேற்கு வாசலில் பத்திரகிரியார். அரச வாழ்வை விட்டுவிட்டு வந்த பத்திரகிரியாரிடம் மிச்சம் இருந்தது ஒரு திருவோடும், ஒட்டிக்கொண்ட ஒரு நாயும். பிச்சை கேட்டு வந்த ஒருவரைப் பட்டினத்தார் மேற்கு வாசலுக்கு அனுப்பினார், அங்கே ஒரு சம்சாரி இருக்கிறான் என்று. அந்தச் சொல் தைத்தது. பத்திரகிரியார் ஓட்டை வீசி எறிந்தார். அது நாயின் தலையில் பட்டு நாய் செத்துப்போனது. பற்றை விட்டார் என்று கதை சொல்பவர்கள் சொல்வார்கள். எனக்கு எப்போது கேட்டாலும் அந்த நாயின் மேல்தான் மனம் போகும். பற்று வைத்தவர் அவர், பற்றை விட்டவரும் அவர், அடிபட்டது நாய்.

மகாபாரதத்தில் வேறு மாதிரி நடக்கிறது. கடைசிப் பயணத்தில் தம்பிமார்களும் திரௌபதியும் ஒவ்வொருவராக விழுந்த பிறகு, தருமரோடு ஒரு நாய் மட்டும் நடந்து வருகிறது. இந்திரன் தேரோடு வந்து நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்கிறான். தருமர் மறுக்கிறார். நம்பி வந்ததைக் கைவிட்டுவிட்டுக் கிடைக்கும் சொர்க்கம் வேண்டாம் என்கிறார். அந்த நாய் தருமதேவதைதான் என்று பிறகு தெரிகிறது. இதே நூல் தொடங்கும் இடத்திலும் ஒரு நாய் உண்டு. ஜனமேஜயன் நடத்திய வேள்வியில், அவிப்பொருளை நக்காத, ஏறிட்டும் பார்க்காத நாய்க்குட்டியை அவன் தம்பிமார் அடித்துவிடுகிறார்கள். குட்டியின் தாய் சரமை வந்து, தப்பே செய்யாத பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று நியாயம் கேட்கிறாள். பதில் இல்லை. சபிக்கிறாள்.

இந்த நாய்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. பத்திரகிரியாருக்கு அந்த நாய் தன்னுடைய பொருள், திருவோட்டைப் போல. தருமருக்கு அது தன்னை நம்பி வந்த இன்னோர் உயிர். அதற்கு அவர் பொறுப்பு. பற்றுக்கும் அன்புக்கும் வித்தியாசம் இங்கேதான் என்று நினைக்கிறேன். என் சந்தோஷத்துக்காக அது இருக்கிறதா, அதனுடைய நன்மைக்கு நான் பொறுப்பா? தத்துவமாகப் பேசினால் இது நழுவிப் போகும். மாவு பிசையும்போது நழுவாது.

கருப்பிக்கு நான் செய்வது இதுதான். ஒரு கப் கேழ்வரகு மாவு, ஒரு கப் கோதுமை மாவு, வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி முக்கால் கப், ஒரு முட்டை. சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, கால் அங்குலக் கனத்தில் தேய்த்து, துண்டு போட்டு, 170 டிகிரியில் அரை மணி நேரம். பிறகு ஓவனை அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிட வேண்டும். அப்போதுதான் மொறுமொறுவென்று காயும். உப்பு கிடையாது. சர்க்கரை, வெல்லம் கிடையாது. ஊட்டி ஈரத்தில் எதுவும் சீக்கிரம் நமுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்த பண்டம் நாய்க்கு ஆபத்து என்பதால் நாலைந்து நாளுக்கு மேல் டப்பாவில் வைப்பதில்லை.

வாயில் போட்டுப் பார்த்தால் நமக்கு ஒன்றும் ருசிக்காது. அதுதான் விஷயம். என் நாக்குக்குப் பிடித்தது அவளுக்கும் நல்லது என்று நினைத்துச் செய்தால், ஏலக்காய் பிஸ்கட்டில் உலர்திராட்சையும் சேர்த்திருப்பேன். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் பண்டங்களில் வரும் சைலிட்டால் நமக்கு விஷமில்லை. நாய்க்கோ ரத்தத்தில் சர்க்கரையைச் சடாரென்று இறக்கி, ஈரலையும் பதம் பார்க்கும். கடையில் வாங்கும் வேர்க்கடலை வெண்ணெயிலும் சில சமயம் அது இருக்கும். ஈஸ்ட் போட்ட பச்சை மாவை நாய் தின்றுவிட்டால் வயிற்றுக்குள் உப்பும்; சாராயமாகவும் மாறும். ஆகவே நாய்க்குப் பலகாரம் செய்வதில் பாதி வேலை, எதைச் சேர்க்கக் கூடாது என்று படிப்பதுதான். அளவும் உண்டு. ஒரு நாளைய தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது.

குதிரைக்குச் செய்வது அதைவிடக் கவனமான காரியம். ஏரிப் பக்கம் சவாரிக்குக் குதிரை நிறுத்தும் ஒரு பாய் எனக்குப் பல வருஷப் பழக்கம். இரண்டு கப் ஓட்ஸ், ஒரு கப் துருவிய கேரட், ஒட்டுவதற்குக் கொஞ்சம் கோதுமை மாவு, ஒரே ஒரு கரண்டி வெல்லப்பாகு வைத்துச் சுட்ட உருண்டைகளை முதல் தடவை அவரிடம் கொண்டுபோனபோது, வாங்கி முகர்ந்து பார்த்து, ஒன்றைப் பிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் குதிரையிடம் விட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சரம்மா. நீங்க குடுக்கறது பாசம். வயித்துவலி வந்தா ராத்திரி பூரா அதைப் புடிச்சுக்கிட்டு நடக்கறவன் நான்."

அவர் சொன்னதில் குதிரையின் உடம்பே இருக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் வந்த வழியே திரும்பாது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை சின்னது, எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் பிடிக்கும். நாளெல்லாம் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மென்றுகொண்டே இருக்கப் படைத்த உயிர் அது. புல்லின் நாரைச் சீரணிப்பது பின்குடலில் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். திடீரென்று மாவும் சர்க்கரையும் நிறைய இறங்கினால் அங்கே புளித்துப்போய் வயிற்றுவலி வரும். குளம்புக்குள் அழற்சி கண்டு நடக்கவே முடியாமலும் போகும். அதனால் ஒரு குதிரைக்கு ஓர் உருண்டை, மிஞ்சினால் இரண்டு. சர்க்கரைக் கோளாறு உள்ள குதிரை என்றால் வெல்லம் அறவே கூடாது. கேரட்டைத் துண்டாகவே கொடுத்தால் வட்டமாக நறுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் கீற வேண்டும். கொடுக்கும்போது உள்ளங்கையை விரித்து வைக்க வேண்டும். தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது குதிரைக்குத் தெரியாது. உதட்டாலும் மீசை மயிராலும் தடவித்தான் அறியும். விரலை மடக்கி வைத்தால் விரல் எது, கேரட் எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இதைச் சொல்லிக்கொடுத்த பாய்தான் இன்னொன்றும் சொன்னார். தாகத்தில் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காக ஒருவர் கிணற்றில் இறங்கி, தன் காலணியில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறி வந்து கொடுத்தார்; இறைவன் அவரை மன்னித்தான் என்று நபிகள் நாயகம் சொன்னதாக அவர்கள் ஹதீஸில் உண்டு. நாய் கேட்டது தண்ணீர். அவர் கொடுத்ததும் தண்ணீர். அதற்கு என்ன தேவை என்று பார்த்தார், அதைக் கொடுத்தார். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அவ்வளவும் அதில் இருக்கிறது.

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள். ஊட்டி என்றால் வர்க்கி, வீட்டுச் சாக்லேட், கேரட், குதிரை. சீசனில் பிள்ளைகள் கையில் சாக்லேட் பொட்டலத்தோடு இறங்குவார்கள். ஓடிவரும் தெருநாய்க்கு ஒரு துண்டு, குதிரைக்கு ஒரு வர்க்கி. பெற்றோர் அதைப் பார்த்துப் பூரித்துப்போய்ப் படம் எடுப்பார்கள். சாக்லேட்டில் தியோப்ரோமின் என்று ஒன்று இருக்கிறது. நம் உடம்பு அதை விரைவாகக் கழித்துவிடும். நாயின் உடம்பு அப்படிக் கழிக்காது. சாக்லேட் கறுக்கக் கறுக்க விஷம் அதிகம். வாந்தி, படபடப்பு, வலிப்பு என்று போய் இதயம் நிற்கவும் கூடும். உலர்திராட்சை போட்ட சாக்லேட் என்றால் கேடு இரட்டிப்பு. குதிரைக்கும் அது ஆகாது. பந்தயக் குதிரையின் ரத்தத்தில் தியோப்ரோமின் வரம்புக்கு மேல் இருந்தால் விதிமீறல். வர்க்கியோ மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும். ஒரு கை கொடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சீசனில் ஒரு நாளில் எத்தனை கை நீளும்!

திருவள்ளுவர் எனக்குக் கைகொடுப்பது இங்கேதான். இருப்பதைப் பகிர்ந்து உண்டு பல உயிர்களையும் காப்பதே அறங்களில் தலையாயது என்று அவர் சொல்கிறார். அதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஈகை அதிகாரத்தில் வைக்கவில்லை, விருந்தோம்பலிலும் வைக்கவில்லை. கொல்லாமை அதிகாரத்தில், இரண்டாவது குறளாக வைத்திருக்கிறார். வள்ளலார் பசியையும் கொலையையும் ஒரே வகையில் சேர்த்ததும் இப்படித்தான். இருவர் பார்வையிலும் உணவு கொடுப்பது கொல்லாமையின் மறுபக்கம். அப்படியென்றால், கொல்லக்கூடிய உணவை அன்பாக நீட்டுவது அந்த அறத்தில் எப்படிச் சேரும்? தெரியாமல் செய்தார்கள் என்று மனிதரை மன்னிக்கலாம். நாயின் உடம்பு மன்னிக்காது. இச்சையைத் தீர்ப்பது சின்னக் கருணை, கொல்லாமை பெரிய கருணை. சின்னது பெரியதை மீறக் கூடாது.

இதிலிருந்து வரிசை தானாகவே வந்துவிடுகிறது. சீசன் முடிந்ததும் எங்கள் ஊரில் சில குதிரைகள் ரோட்டோரம் திரிகின்றன. குப்பையைக் கிளறி பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்கின்றன. அவற்றுக்கு இருப்பது பசி. அங்கே நான் உருண்டை கொண்டுபோவதில்லை. அந்தப் பசிக்குப் பதில் புல்லுக்கட்டு, தண்ணீர். தெருநாய்க்கு டீக்கடை பிஸ்கட்டைவிட ஒரு பிடி சோறும் ஓர் அவித்த முட்டையும் மேல். பசித்த மனிதர் வாசலில் நின்றால் அவருக்குத்தான் முதல் இலை. இதையெல்லாம் செய்துவிட்டு மிச்சம் இருக்கிற மாவில்தான் பலகாரம்.

பிறகு அதுவும் எதற்கு என்று அக்கா கேட்டாள். நான் சொன்னது இதுதான்: "அக்கா, பசிக்குப் போடுறப்ப அது யாரு, எவருன்னு கேக்க வேண்டியதில்ல. அவசரம். அது பெரிய தருமம்தான். ஆனா பலகாரம் பண்ணணும்னா அது யாருன்னு தெரிஞ்சாகணும். அதோட வயிறு, பல்லு, குடல், வயசு, என்ன நோவு, எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். இன்னொரு உயிரை அவ்வளவு உத்துப் பாக்க எனக்கு இதவிட நல்ல பழக்கம் கிடைக்கல."

புண்ணியக் கணக்கில் இது வருமோ வராதோ, அதை நான் எதிர்பார்க்கவில்லை. கொடுப்பவரின் மனம் நிறைந்ததா என்பதை வைத்து நாம் ஈகையை அளக்கிறோம். உண்பவரின் உடம்பை வைத்து அளக்கக் கற்றுக்கொடுத்தது இந்த உப்பில்லாத பிஸ்கட். ஓர் உயிரை என் நீட்சியாகப் பார்க்காமல் அதன் தனி இயல்போடு மதிப்பதே ஆன்மிகம் என்றால், அதன் அரிச்சுவடியை நான் அடுப்படியில்தான் படித்தேன்.

ஊட்டிக்கு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். சாக்லேட் பையைத் திறப்பதற்கு முன்னால் நாயைத் தூரமாக வையுங்கள். குதிரைக்கு எதையாவது கொடுக்க ஆசைப்பட்டால், முதலில் குதிரைக்காரரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் கையைக் கீழே இறக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் அதுதான் தருமம்.