பெயரும் குலமரபும்



திங்களூரிலே வாழ்ந்த அப்பூதியடிகணாயனார், திருநாவுக்கரசு நாயனாரைக் கண்ணாற் காணுமுன்னரே, தம்முடைய புத்திரர்களுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று நாமஞ்சூட்டினார். பசுக்களுக்கும், அளவைகளுக்கும், துலாக்கோலுக்கும், தண்ணீர்ப்பந்தருக்கும் அப்பெயரையே வைத்தார். இது பெரியபுராணத்தால் நீவிர் நன்கறிந்தது. அயலூரார் ஒருவர் அவ்வீட்டுப் பிள்ளைகளின் பெயரை மாத்திரங் கேட்டிருப்பினும், தந்தையார் யாரிடத்தே அன்புவைத்தவர் என்பதனைப் பிறிதொரு சான்று வேண்டாதே அறிந்திருப்பர். திருநாவுக்கரசருடைய சரித்திரமோ அவருடைய பெயர்களிலேயே அடங்கியுள்ளது. பெற்றோர் இட்டது மருணீக்கியார். சமணர் இட்டது தருமசேனர். திருவதிகையிலே சிவபெருமான் அருளியது நாவுக்கரசு.

தம் குடும்பத்தின் பழைய வரலாற்றை ஆராயப் புகுவோர் இந்நாளிற் பலர். நம்மவர்க்கு வழிவழி வருங் குடிப்பெயர் இல்லை. தந்தையின் பெயரே முன்னிற்கும். அஃது ஒரு தலைமுறையோடு அற்றுப்போம். ஆயின் மேலே ஏறுவது எவ்வாறு எனின், பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமே ஏணியாகும். பேரன் என்னுஞ் சொல் பெயரன் என்பதன் திரிபன்றோ? பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள்.

ஓர் உதாரணங் காட்டுவாம். மானிப்பாய் அருணாசலத்தின் புதல்வர் பொன்னம்பல முதலியார். அவர் குமாரசுவாமி முதலியாரின் புத்திரியை மணந்தார். அவர்க்கு 1849இற் பிறந்த மூத்த புதல்வர் குமாரசுவாமி. 1851இற் பிறந்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1853இற் பிறந்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். மூத்தவர் தாய்வழிப் பாட்டன் பெயரையும், இளையவர் தந்தைவழிப் பாட்டன் பெயரையும் தாங்கினமை காண்க. வேறு பத்திரமொன்றும் கிடையாதுபோயினும், இப்பெயர்கள் இரண்டு குடும்பங்களின் வாயிலையும் நமக்குத் திறந்துவிடும்.

ஆயினும் ஏணி சிலவிடங்களில் வழுக்கும். ஒரு பாட்டனுக்குப் புதல்வர் நால்வராயின், அவர் பெயரைத் தாங்கிய பேரர் நால்வர் ஒரூரிலேயே இருத்தல் கூடும். காணி உறுதியோடு ஒத்துப்பாராது பெயரை மாத்திரம் நம்பினோர் மாற்றான் வளவைத் தம் முதுசம் எனச் சாதித்துப் பழியேற்பர். மற்றொரு தடையும் உண்டு. மாமனாரின் பெயரை மருமகள் வாயாற் சொல்லல் ஆகாது என்பது நம் பழைய பெண்மக்கள் கொண்ட விரதம். மாமனார் பெயரையே மகனுக்கு இட்டால் தாய் அவனை எங்ஙனம் அழைப்பாள்? தம்பி என்பாள், இராசா என்பாள், துரை என்பாள். ஊராரும் அதனையே பற்றிக்கொள்ள, சாதகக் குறிப்பில் எழுதிய பெயர் மறைந்தே போகும். ஆதலின் ஆச்சிமாரிடம் வினவும்போது, அழைத்த பெயர் யாது, இட்ட பெயர் யாது என இரண்டினையும் கேட்டல் வேண்டும்.

பெயரிலே தலங்களும் உறைகின்றன. சிதம்பரப்பிள்ளை, தில்லையம்பலம், பொன்னம்பலம் என்பன தில்லையையும், கோணாமலை, கோணேசபிள்ளை என்பன திருக்கோணமலையையும், கதிர்காமர், கதிர்காமத்தம்பி என்பன கதிர்காமத்தையும் நினைப்பிக்கும். வைத்தியலிங்கம் எனின், பிணிதீரப் புள்ளிருக்குவேளூர்ப் பெருமானை நேர்ந்தவர் அக்குடியில் ஒருவர் இருந்திருத்தல் கூடும். குப்பை, பிச்சை என்னும் பெயர்களைக் கேட்டு நகைப்போர், முன்பிறந்த குழந்தைகளை இழந்த தாயொருத்தி இதனையாவது கூற்றுவன் விலையற்றதென்று விட்டுச் செல்லானா என்று இட்ட பெயரென அறிவாராயின் நகையார்.

அந்நியர் ஆட்சியும் பெயர்களிலே வடுவிட்டது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட 1658 முதல் 1795 வரையுள்ள காலத்திலே உத்தியோகம் வேண்டினோர் ஞானஸ்நானம் பெறவேண்டியிருந்தது. அதனால் தோம்பிலே ஒரு பெயரும் வீட்டிலே ஒரு பெயருமாக வாழ்ந்தார் பலர். அமெரிக்க மிஷன் பாடசாலைகளிலே, பொருளுதவிய தூரதேசத்தாரின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இட்டனர். பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையவர்களை ஆங்கிலத்திலே சார்ள்ஸ் வின்ஸ்லோ தாமோதரம்பிள்ளை என எழுதுவர், தமிழிலோ சி. வை. தாமோதரம்பிள்ளை, சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை மகன் என்பது அதன் விரிவு. ஆங்கில எழுத்தை மாத்திரங் கண்டவர் இவருடைய முன்னோரை எங்கே தேடுவர்?

இவற்றினும் கொடியதொன்றை நாமே செய்தோம். ஒரே முருகப்பெருமானுடைய திருநாமம், செல்வமும் சாதியுமுடையார் வீட்டிலே கந்தையா, கந்தப்பிள்ளை என்றும், ஒடுக்கப்பட்டோர் குடிசையிலே கந்தன் என்றும் எழுதப்பட்டது. பதிவுக்காரரின் எழுதுகோலே அத்திருநாமத்தைக் குறைத்த இடங்களும் உண்டு. இறைவனுடைய நாமத்துக்கு ஏற்றத்தாழ்வு கற்பித்தல் சிவநிந்தையன்றி வேறு யாது?

யான் ஆசிரியத்தொழிலில் இளைஞனாயிருந்த காலத்தில் அக்குற்றத்தைச் செய்தேன். மகனைச் சேர்க்க வந்த கூலியாளர் ஒருவர் பிள்ளையின் பெயர் ஆறுமுகம் என்றார். பழைய இடாப்பிலே அவர் பெயர் கந்தன் என்றிருந்தமையால், அப்பகுதியார்க்கு அவ்வாறே எழுதுவது வழக்கமென்று எண்ணி, ஆறுமுகன் என எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார், எழுத்தறியாதவரல்லர், ஒன்றும் பேசாது சென்றார். விடுகைப்பத்திரம் வரை அப்பெயரே அப்பிள்ளையைத் தொடர்ந்தது.

ஆண்டுகள் பல சென்றபின், அம்மாணாக்கர் தம் புதல்வனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு அதே மேசைக்கு முன்னே வந்தார். பெயர் யாது என்றேன். “கந்தசாமி” என்றார். “இட்டவர் யாவர்?” என வினவினேன். “என் அப்புவின் பெயர் ஐயா. அவருக்கு அவருடைய தாய் தந்தையர் இட்டது கந்தசாமிதான், இடாப்பிலேதான் கந்தன்” என்றார். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, கந்தசாமி என்று எழுதினேன். தந்தை பெயருக்குரிய இடத்திலே, அவரைக் கேட்டுக்கொண்டு, ஆறுமுகம் என்று எழுதினேன்.