பிறவிக் குணமும் உயிரின் பொறுப்பும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், முத்தியால்பேட்டையை அடுத்த ஐயம்பேட்டையின் நெசவுத் தெருக்களில், ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சோறுண்டு வளர்ந்த சகோதரர் இருவருள் ஒருவன் தறிக்குழியில் காலை இறக்கினால் பொழுது சாயும்வரை எழாதவனாகவும், மற்றவன் நாலு இழை அறுந்ததும் நாடாவைப் போட்டுவிட்டுத் தேநீர்க் கடைக்கு நடப்பவனாகவும் இருப்பதைக் காண்கிற பெரியவர்கள், 'பிறவிக் குணத்தை மட்டை வைத்துக் கட்டினாலும் போகாது' என்று பெருமூச்சு விடுவார்கள். அடுத்த மூச்சில், பேரனைக் கண்டிக்கும்போது, 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பார்கள். முன்னது குணத்தைச் சரீரத்தோடு கூடப் பிறந்ததாக்குகிறது. பின்னது பழக்கத்தின் பிள்ளையாக்குகிறது. இரண்டையும் ஒருவரே நம்புவதில் பிசகு ஏதுமில்லை என்றே நினைக்கிறேன். பிசகு வேறோரிடத்தில் இருக்கிறது: குணம் உடம்பினுடையதானால், அந்தக் குணத்துக்குப் பொறுப்பேற்க வேண்டிய 'நான்' யார் என்ற வினாவை நாம் தட்டிக் கழிப்பதில்.

இந்த வினா தமிழுக்குப் புதியதன்று. காஞ்சி சேர்வதற்கு முன் வஞ்சி மாநகரில் சமயவாதிகளின் திறம் கேட்கும் மணிமேகலையிடம், தாதகிப் பூவையும் வெல்லத்தையும் கூட்டியவிடத்துக் களிப்புத் தோன்றுவதுபோலப் பூதங்களின் சேர்க்கையில் உணர்வு தோன்றுகிறது, சேர்க்கை பிரிந்தால் உணர்வும் பிரிந்துபோம் என்கிறான் பூதவாதி. இன்றைய உயிரியலார் களிப்பூட்டும் சரக்கின் இடத்தில் மரபணுவையும் சுரப்பிநீரையும் வைத்துப் பேசுகிறார்கள்; ஆதாரம் மட்டும் அவனிடம் இருந்ததைவிடப் பன்மடங்கு வலுத்திருக்கிறது. பிறந்தவுடன் பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையரை 1979 முதல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் புஷார்டின் குழுவினர் ஆராய்ந்ததும், பின்வந்த ஆய்வுகளும், மனிதருக்கு மனிதர் காணும் குணவேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி மரபுவழிப்பட்டது என்று காட்டின.

அவ்வளவு தூரம் போவானேன்? தைராய்டு சுரப்புக் குறைந்த மருமகளை உறவினர் சோம்பேறி என்பர், சிடுமூஞ்சி என்பர், அவள் வந்த வேளை சரியில்லை என்றும் சொல்லிவிடுவர். நாள்தோறும் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை விழுங்கிவர, சில மாதங்களில் அதே பெண் விடியலில் எழுந்து வாசல் தெளித்துக் கோலமிடுகிறாள். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியின் குழுவினர் 1956இல் தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பை உண்ட பகுதிகளில் கழுத்துக் கழலை சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்தது. கர்ப்பிணிக்கு அந்த இம்மியளவு அயோடின் வாய்க்காமற்போனால், கருவிலேயே குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றிவிடுகிறது. அப்படிப் பிறந்த குழந்தைகளைத் தலையெழுத்து என்று சொல்லிக் கடந்துபோன சமூகம் நம்முடையது.

இதையெல்லாம் கேட்டுச் சைவ சித்தாந்தம் திடுக்கிடத் தேவையில்லை. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டாரும், அதற்கு மாபாடியம் வகுத்தவரும் காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டம் பாடியவருமான சிவஞான முனிவரும், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்களை ஆன்மாவின் பக்கம் வைக்கவில்லை. மாயையின் காரியமாகிய சடப்பொருள்களின் வரிசையிலேயே வைத்தார்கள். அதே சமயம், சாங்கியர் கூறுமாறு எதிலும் தோயாத வெறுஞ் சாட்சியாக ஆன்மாவைத் தப்பவிடவும் இல்லை. சார்ந்ததன் வண்ணமாதலே அதன் இயல்பு என்றார்கள். ஆகவே கோபம் கரணத்தில் எழுந்ததாயினும், 'என் சுரப்பி செய்தது, நான் செய்யவில்லை' என்று கைகழுவ வழியில்லை. இந்த இடத்தில் சாங்கியத்தைவிடச் சித்தாந்தம் நுட்பமானது என்பது என் துணிபு.

நெசவூரில் நின்றுகொண்டு, பாவு பிறவி, ஊடை முயற்சி என்று உவமை சொல்லும் ஆசையை அடக்குவது கடினம். ஆயினும் அவ்வுவமை பொருந்தாது. ஊடை எத்தனை முறை ஓடினாலும் பாவிழையின் இயல்பு மாறுவதில்லை. சரீரமோ செய்யும் தொழிலால் தானே திரிந்துகொண்டிருக்கிறது. 1848இல் அமெரிக்க ரயில்பாதைப் பணியில் இரும்புக் கம்பியொன்று தலையைத் துளைத்தும் பிழைத்த பினியஸ் கேஜ், நிதானமிழந்து வாய்த்துடுக்கு மிக்கவரானார் என்ற பாதிக்கதையே எங்கும் சொல்லப்படுகிறது. பின்னர் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரைக் கோச்சு ஓட்டிப் பிழைத்ததை யாரும் சொல்வதில்லை. அந்த அன்றாடத் தொழிலின் ஒழுங்கே அவரை ஓரளவு மீட்டிருக்கும் என்று கருதும் ஆய்வாளரும் உண்டு. கோர்வைப் புடவை நெய்கையில் உடலுக்கொரு நாடாவும் கரைகளுக்கு வேறு நாடாக்களும் ஓட, நெய்பவரும் பக்கத்துணையும் வரிக்கு வரி இரு நிறத்தையும் பிணைத்தாக வேண்டும். அங்கே உட்காரும் அவசரக்காரனுக்கு நிதானத்தைக் கற்பிப்பது அவன் ரத்தமா, பக்கத்திலிருப்பவரின் கையா?

குணம் பிறவியோடு வருவதாலேயே அது குலத்தோடும் வருகிறது என்று தாவிய தர்க்கம் நம் நாட்டில் செய்த கேட்டைச் சொல்லி மாளாது. ஒரே வீட்டுச் சகோதரரின் குணமே ஒத்துப்போகாதபோது, குலத்தின் குணம் எங்கிருந்து வரும்?

இன்னும் ஒன்று என்னை உறுத்துகிறது. ஒருவனுக்குச் சாந்தமான உடம்பும் இன்னொருவனுக்குக் கொதிக்கும் உடம்பும் ஏன் வாய்த்தன என்று கேட்டால், அவரவர் வினைக்கு ஈடாக இறைவன் தனுகரணங்களைக் கூட்டுவிக்கிறான் என்று சித்தாந்தம் விடை கூறும். அயோடின் குறைந்த பள்ளத்தாக்கில் அறிவு குன்றிப் பிறந்த குழந்தையை எண்ணும்போது அந்த விடையை முழுமனத்தோடு ஏற்க என்னால் இயலவில்லை. உப்பு மாறிய ஆண்டில் பிறந்தோர் அனைவரும் நல்வினையாளர்கள் என்று சாதிக்க, நானறிந்தவரையில், எந்தச் சித்தாந்த ஆசிரியரும் முன்வரமாட்டார்.