பச்சிலை உப்பும் நாக்கின் பாவமும்

உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் அம்மியில் வைத்து அரைக்கும் உப்புக்கு பிஸ்யூ லூண் என்று பெயர். பச்சைப் பூண்டுத் தாள், கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், கொஞ்சம் சீரகம், இவற்றோடு கல்லுப்பு. முதல் இழுப்பில் உப்பு நறநறக்கும். நாலைந்து இழுப்புக்குள் சத்தம் அடங்கிவிடும். இலையின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ள, அம்மியில் பச்சைச் சேறு மாதிரி படியும். வழித்தெடுத்து நிழலில் பரப்பி, உலர்ந்ததும் உதிர்த்துப் புட்டியில் அடைத்தால் சீக்கிரம் கெடாது. இலையில் இருக்கும் தண்ணீரை உப்பு தன் பிடியில் வைத்துக்கொள்வதால் கிருமிகளுக்கு அது எட்டுவதில்லை. வெள்ளரி காய்க்கும் பருவத்தில் வெள்ளரித் துண்டையும், குளிர்காலத்தில் மால்டா ஆரஞ்சுச் சுளையையும் அதில் தொட்டுத் தின்பார்கள்.

நம் வீட்டுத் தொட்டிச் செடியிலும் இதைச் செய்யலாம். கறிவேப்பிலை சட்டென்று காயும். கற்பூரவல்லி போன்ற சதைப்பற்றான இலை என்றால் உப்பைக் கூட்டிப் போட வேண்டும், காய்வதற்கும் நாளாகும்.

உப்பு உடம்புக்கு வேண்டும். சோடியம் இல்லாமல் நரம்பும் தசையும் இயங்காது. பூண்டுத் தாளின் வாசனைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் கிடையாது. அது நாக்குக்காக மட்டும். ஒன்று தேவை, மற்றது ஆசை. அரைத்தபின் யாராலும் இரண்டையும் பிரிக்க முடியாது. துறவிகளைப் படுத்தி எடுத்த பழைய கேள்வியும் இதுதான்: எந்தக் கவளம் வரை பசிக்கு, எந்தக் கவளத்திலிருந்து ருசிக்கு?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்களில் புனித அகுஸ்தீனார் முக்கியமானவர். இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா, அன்று ஹிப்போ. அங்கே ஆயராக இருந்த அவர், கி.பி. 400ஐ ஒட்டி எழுதிய ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலின் பத்தாம் பகுதியில் சாப்பாட்டைப் பற்றித் தனியாகப் புலம்புகிறார். உணவை மருந்துபோல உட்கொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் பசியிலிருந்து நிறைவுக்குப் போகும் வழியில் இன்பமும் கூடவே வந்துவிடுகிறது. ஆரோக்கியத்துக்குப் போதுமானது இன்பத்துக்குப் போதவில்லை. உடம்பு கேட்கிறதா, ஆசை ஏமாற்றுகிறதா என்று அவருக்கே தெரியவில்லை. உணவில் தீட்டு இல்லை என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார்: எலியா இறைச்சி தின்றார், யோவான் வெட்டுக்கிளி தின்றார், இருவருக்கும் குறை வரவில்லை, ஏசாவோ வெறும் பருப்புக் கூழுக்கு ஆசைப்பட்டுத் தலைமகன் உரிமையைத் தொலைத்தான். இவ்வளவு தெளிவாக யோசித்தவர் மருந்தையும் ருசியையும் எதிரெதிராக நிறுத்தியதுதான் இடிக்கிறது.

ஏனென்றால் இன்றைய மருத்துவம் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பைக் குறைக்க அது சொல்லும் உபாயங்களில் ஒன்று, பதிலுக்கு மூலிகையும் மசாலாவும் சேர்ப்பது. அதாவது, மருந்தான உப்பு அளவு மீறும்போது, வெறும் ருசியான இலை வந்து அதைக் கட்டுக்குள் வைக்கிறது. ஒரு சிட்டிகை பச்சிலை உப்பில் உப்பு குறைவு, வாசனை கூடுதல். ஆசை இங்கே பத்தியத்துக்குத் துணை நிற்கிறது.

சமணர்களின் ஆயம்பில் விரதம் இந்தக் குழப்பத்துக்கே இடம் வைப்பதில்லை. சைத்திர மாதத்திலும் ஆசுவின மாதத்திலும் ஒன்பது நாள், ஒரே வேளை. நெய், எண்ணெய், பால், தயிர், சர்க்கரை, மசாலா, பச்சைக் காய்கறி எதுவும் கிடையாது. கண்டிப்பானவர்கள் உப்பும் போடுவதில்லை.

காந்தியின் கதை இத்தனை நேர்க்கோடு அல்ல. 1915இல் தொடங்கிய ஆசிரமத்தின் விரதங்களில் அஸ்வாதம், அதாவது நாக்கை அடக்குவதும் உண்டு. அதற்கு முன்பே தென்னாப்பிரிக்காவில், உடல்நலம் குன்றியிருந்த கஸ்தூரிபாவிடம் உப்பையும் பருப்பையும் விடச் சொன்னார். உங்களிடம் சொன்னால் நீங்கள் மட்டும் விட்டுவிடுவீர்களா என்று அவர் திருப்பிக் கேட்க, அந்த இடத்திலேயே காந்தி ஓராண்டுக்கு இரண்டையும் விட்டார். கஸ்தூரிபா பதறிப்போய்க் கெஞ்சியும் மனம் மாறவில்லை. அன்பு எவ்வளவு, பிடிவாதம் எவ்வளவு என்று பிரிக்க முடியாத கலவை அது. அதே மனிதர் 1930 ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பை அள்ளினார். அம்மாதக் கடைசியில் ராஜாஜி வேதாரண்யத்தில் அள்ளினார். தன் தட்டிலிருந்து உப்பை விலக்கிய காந்தி, ஏழையின் தட்டில் அதற்கு அரசாங்கம் வரி போட்டதைப் பொறுக்கவில்லை. இதில் முரண் இருப்பதாகத் தெரியவில்லை: தன் நாக்கு தன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அடுத்தவன் நாக்கு அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது.

கடவுளுக்கு என்ன பிடிக்கும் என்பதிலும் மதங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. காணிக்கை எதுவானாலும் உப்புச் சேர்த்தே படைக்க வேண்டும் என்கிறது விவிலியத்தின் லேவியர் நூல். கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தில் ஒப்பிலியப்பனுக்கு உப்பே ஆகாது. அங்கே மடைப்பள்ளியில் உப்பு நுழைவதில்லை. உப்புப் போட்ட பண்டத்தைச் சன்னதிப் பக்கம் கொண்டுபோவதே தோஷம் என்பது நம்பிக்கை.

தலபுராணம் சொல்லும் காரணத்தில் தவமோ நாவடக்கமோ இல்லை. மார்க்கண்டேய முனிவர் துளசிச் செடியின் கீழ் ஒரு குழந்தையைக் கண்டெடுத்து வளர்க்கிறார். பெருமாள் கிழவர் வேடத்தில் வந்து பெண் கேட்கிறார். முனிவருக்குத் தர்மசங்கடம். சின்னப் பெண், பக்குவமாக உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது என்று தட்டிக் கழிக்கப் பார்க்கிறார். உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறார் மாப்பிள்ளை. அவ்வளவுதான். உப்பைத் தாழ்வாக நினைத்து விடவில்லை. சமைக்கத் தெரியாத ஒருத்தியின் கை பதறக் கூடாது என்று விட்டார். ஆயம்பில் தட்டும் திருநாகேசுவரத்துத் தளிகையும் நாக்குக்கு ஒன்றுபோலச் சப்பென்றிருக்கலாம். ஒன்றில் கண் தன் ஆன்மாவின் மேல், மற்றதில் எதிரில் நிற்பவள் மேல்.

இந்த இரண்டாவது பார்வை அகுஸ்தீனாரிடமும் இருந்தது. அவர் எழுதியதைவிட அவருடைய சாப்பாட்டு மேசையில் அது நன்றாகத் தெரிகிறது. அவரோடு வாழ்ந்து வரலாறு எழுதிய பொசிதியுஸ் தரும் விவரம் இது: மேசையில் பெரும்பாலும் கீரையும் பருப்பும்தான். விருந்தாளி வந்தாலோ யாராவது நோஞ்சானாக இருந்தாலோ இறைச்சி உண்டு. திராட்சை ரசம் எப்போதும் உண்டு. எதிரில் இல்லாதவர்களைப் பற்றிப் புறம் பேசுகிறவருக்கு இந்த மேசையில் இடமில்லை என்ற பொருளில் வரிகளும் அங்கே எழுதப்பட்டிருந்தன. ஒருமுறை சக ஆயர்கள் சிலரே அதை மறந்து வம்பளக்க ஆரம்பித்தார்கள். ஒன்று அந்த வரிகளை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து அறைக்குப் போகிறேன் என்று கடிந்துகொண்டார் அகுஸ்தீனார்.