ஆகஸ்ட் மாத நம்பிக்கை

ஆகஸ்ட் மாதத்தில் ஓர் அமெரிக்க ஃபுட்பால் ரசிகரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்த ஊர் டீமின் ரசிகராக இருந்தாலும் சரி, 'இந்த வருஷம் நாமதான், வேணும்னா எழுதி வெச்சுக்குங்க' என்பார். போன வருஷம் அவருடைய டீம் பதினேழு ஆட்டத்தில் மூன்றில்தான் ஜெயித்தது என்று ஞாபகப்படுத்துங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். 'அது போன வருஷம்' என்று முடித்துவிடுவார். ஆகஸ்டில் 32 டீம்களும் சாம்பியன்கள்தான். தோற்பதெல்லாம் செப்டம்பருக்குப் பிறகு.

ஒரு சின்ன விளக்கம் சொல்லிவிடுகிறேன். இது நாம் கால்பந்து என்று சொல்கிற ஆட்டம் அல்ல. முட்டை மாதிரி ஒரு பந்து. அதைக் காலால் உதைப்பது கொஞ்சம், கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது அதிகம். தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், எதிரே லாரி மாதிரி வந்து மோதும் ஆசாமிகள். என்.எஃப்.எல். என்ற அமைப்பில் 32 தொழில்முறை டீம்கள். சீஸன் செப்டம்பரில் ஆரம்பம். அதற்கு முன்னால், ஜூலைக் கடைசியிலிருந்து ட்ரெயினிங் கேம்ப். நடுவே, கணக்கில் சேராத மூன்று முன்னோட்ட ஆட்டங்கள். இந்த நாலைந்து வாரம் ரசிகர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, இந்த வாரம் அதுதான் நம் விஷயம்.

பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? எல்லாமே நல்ல சகுனமாகத் தெரியும் இல்லையா, அதே கதைதான். காலேஜிலிருந்து வந்திருக்கும் புதுப் பையன் பயிற்சியில் ஒரு பந்தை எகிறிப் பிடித்துவிட்டால் அன்று ராத்திரி முழுக்க அதே பேச்சு. முழங்கால் ஆபரேஷன் ஆனவர் நேற்று நொண்டாமல் ஓடினாராம். புது கோச் ரொம்பக் கண்டிப்பாம். பழைய கோச் கண்டிப்பாக இருந்தபோது அதையே குறையாகச் சொன்னவர்கள் இவர்கள்தான்!

இந்தச் சகுனங்களுக்கு என்ன மதிப்பு? 2008-ல் டெட்ராய்ட் லயன்ஸ் டீம் முன்னோட்ட ஆட்டங்கள் நான்கிலும் (அப்போது நான்கு) ஜெயித்தது. ஊரே துள்ளியிருக்கும். சீஸன் ஆரம்பித்தது. பதினாறு ஆட்டம், பதினாறிலும் தோல்வி. 2017-ல் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அச்சு அசலாக அதையே செய்தது. நாலுக்கு நாலு, அப்புறம் பதினாறுக்குப் பூஜ்யம். கிளீவ்லேண்ட்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2018 ஜனவரியில் கடுங்குளிரில் ஸ்டேடியத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். 'குறையே இல்லாத சீஸன்' என்று தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டு, அந்தச் சாக்கில் ஏழைகளுக்கு உணவு தரும் அமைப்பு ஒன்றுக்கு நிதியும் திரட்டினார்கள். அடுத்த ஆகஸ்டில் 'இந்த வருஷம் நாமதான்' என்று மறுபடி ஆரம்பித்தார்கள்.

இது அசட்டுத்தனமா? காமர்ஸ் படித்த எனக்கு முதலில் அப்படித்தான் தோன்றுகிறது. இவ்வளவு மோசமான பேலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு எந்த பேங்கில் கடன் கேட்டாலும் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். ஆனால், அந்த விளையாட்டின் சட்டங்களைப் பார்த்தால் ரசிகரை அத்தனை சுலபமாகக் கேலி செய்ய முடியாது. 1936-லிருந்து காலேஜ் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' நடக்கிறது. போன வருஷம் கடைசியில் வந்த டீமுக்குத்தான் முதல் உரிமை. 1994-லிருந்து சம்பளத்துக்கு உச்சவரம்பு வேறு. நாடு முழுக்க ஒளிபரப்பும் டி.வி. உரிமைப் பணம் 32 பேருக்கும் சம பங்கு. பணக்காரன் பணக்காரனாகிக்கொண்டே போவதை இவ்வளவு கண்டிப்பாகத் தடுக்கும் ஓர் ஏற்பாடு, முதலாளித்துவத்தின் தலைமையகத்தில்! 1998-ல் பதினாறில் நாலே ஆட்டம் ஜெயித்த செயின்ட் லூயிஸ் ராம்ஸ், 1999 சீஸனில் சாம்பியன். ஆகவே நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. இருக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

இதன் உச்சம் கிரீன் பே. விஸ்கான்ஸின் மாநிலத்தில் ஒரு லட்சம் சொச்சம் ஜனத்தொகை கொண்ட ஊர். அங்கே பேக்கர்ஸ் டீமுக்குத் தனி முதலாளி கிடையாது. 1923-லிருந்து பொதுமக்கள்தான் பங்குதாரர்கள். இன்றைக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல். 2021-ல் ஒரு ஷேர் 300 டாலருக்கு விற்றார்கள். டிவிடெண்ட் உண்டா? கிடையாது. விலை ஏறினால் விற்று லாபம் பார்க்கலாமா? முடியாது. ஆட்டத்துக்கு டிக்கெட்டாவது கிடைக்குமா? அதற்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் காத்திருக்கும் தனி வரிசை இருக்கிறது, போய் நில்லுங்கள் என்பார்கள். கல்யாணத்தில் எழுதுகிற மொய்கூட நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வந்துவிடும். இது திரும்பியே வராத மொய். தெரிந்தேதான் எழுதுகிறார்கள்.

அதனால் ஆகஸ்ட் மாத நம்பிக்கையைக் கணக்குத் தெரியாதவர்களின் தப்புக் கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். 'நான் இந்த ஊர்க்காரன், இவர்களோடு இருக்கிறேன்' என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். பாஸாகிற பிள்ளையிடம் மட்டும் பாசமாக இருக்கிற அப்பாவை நாம் அப்பா என்றா சொல்கிறோம்?

இதுவரை சரி. எனக்கு இடிக்கிற இடம் வேறு.

கேம்ப் ஆரம்பிக்கும்போது ஒரு டீமில் 90 பேர் வரை இருக்கலாம். சீஸனுக்கு 53 பேர்தான். 2023-லிருந்து இந்த வெட்டு முழுவதும் ஒரே கெடுவில் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி. டீமுக்கு 37 பேர் என்று 32-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,184. பயிற்சிக் குழு என்று டீமுக்குப் பதினாறு பேரைக் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்வார்கள். அதிலும் இடம் கிடைக்காத பல நூறு பேர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எட்டு வயதில் பந்தைத் தொட்டு, பள்ளிக்கூடம், காலேஜ் என்று வேறு எதையும் யோசிக்காமல் வந்தவர்கள். கேம்ப்பில் கிடைப்பது சாப்பாடு, தங்குமிடம், கொஞ்சம் படி. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பெரிய சம்பளம் சீஸன் தொடங்கினால்தான், அதுவும் அந்த 53-ல் இருந்தால்தான்.

தினம் காலையில் அந்த வெயிலில் மோதிக்கொள்வதும் விளையாட்டுக் காரியம் இல்லை. 2001-ல் மினசோட்டா வைக்கிங்ஸ் கேம்ப்பில் கோரி ஸ்ட்ரிங்கர் என்கிற ஆட்டக்காரர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலில் சுருண்டு விழுந்தார். மறுநாள், ஆகஸ்ட் 1-ம் தேதி, இறந்துபோனார். வயது 27. அவர் இடத்துக்காகத் தவித்த புதுப் பையன்கூட இல்லை, டீமில் நிலைத்துவிட்ட பெரிய ஆள். முழுக் கவசத்தோடு ஒரே நாளில் இரண்டு தடவை பயிற்சி என்கிற பழைய வழக்கம், 2011-ல் வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் நின்றது.

இப்போது ரசிகர் பேச்சைத் திரும்பக் கேளுங்கள். கேம்ப் சமயத்தில் அவர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு, தாங்களே 53 பேர் பட்டியல் போடுவது. 'இவன் வேஸ்ட், தூக்கு.' 'அவன் ஐம்பத்துநாலாவது ஆள், பாவம்.' 'இந்த இடத்துக்கு இன்னும் மலிவா ஒருத்தனைப் பிடிக்கலாம்.' காபி ஆறுவதற்குள் முப்பத்தேழு பேருக்குச் சீட்டுக் கிழித்துவிடுவார்கள்.

'இதிலே என்ன சார் பாவம்? நான் சொல்லியா கோச் அனுப்பப்போறார்?' என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் 53 பேர்தான். போட்டி என்றால் ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே. தெரிந்துதான் அந்தப் பையனும் வந்திருக்கிறான். சொல்லப்போனால், சிபாரிசு இல்லாமல் ஆட்டத்தை மட்டும் பார்த்து ஆள் எடுப்பது நம்மில் பலருடைய ஆபீஸ்களில் நடப்பதைவிட மேல். வெட்டுவதை நான் குறை சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது ஒரு சின்ன வார்த்தை. 'நாம.'

ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 1976-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். காலேஜ் மாணவர்களுக்கு போன் போட்டு, உங்கள் டீமின் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது 'நாம' அதிகம் வந்தது. தோற்ற ஆட்டம் என்றால் அந்த 'நாம' குறைந்து, 'அவங்க' தலைகாட்டியது. சிரிப்பு வருகிறது இல்லையா? நாமும் அதைத்தான் செய்கிறோம்.

இங்கிலீஷில் இருப்பது ஒரே வார்த்தை. நம்மிடம் இரண்டு இருக்கின்றன. 'நாம' என்றால் கேட்கிறவனையும் சேர்த்து. 'நாங்க' என்றால் அவனை வெளியே நிறுத்தி. ஆகஸ்ட் முழுக்க அந்தத் தொண்ணூறு பேரும் 'நாம'. அவன் எகிறிப் பிடித்த பந்து நாம பிடித்த பந்து. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு, ஒரு சத்தமும் இல்லாமல், 'நாம' என்பது 'நாங்க' ஆகிவிடுகிறது. முப்பத்தேழு பேர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை. மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ரசிகரும் அந்தப் பையனும் ஒரே கேம்ப்பில், ஒரே கயிற்றுக்கு இரண்டு பக்கமும் நின்று நம்புகிறார்கள். ரசிகரின் நம்பிக்கை பொய்த்தால் அடுத்த ஆகஸ்ட் இருக்கிறது. பையனுக்கு அநேகமாக இல்லை. முழங்காலும் இடுப்பும் அவன் போட்ட முதல். ரசிகர் போட்ட முதல், தொப்பி விலை. லாபம் வந்தால் மட்டும் இரண்டு பேரும் பார்ட்னர்கள் என்றால் எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

ஆளை அனுப்புகிற முறையைக் கேளுங்கள். டீம் ஊழியர் ஒருவர் வந்து, 'கோச் கூப்பிடறார், ப்ளேபுக்கையும் எடுத்துக்க' என்பார். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் முடிந்தது என்று அர்த்தம். 2001-லிருந்து 'ஹார்டு நாக்ஸ்' என்கிற டி.வி. தொடரில் இதையும் காட்டுகிறார்கள். ஒருவன் வேலை போவதை சோபாவில் சாய்ந்துகொண்டு பார்ப்பது அசிங்கம்தான். ஆனாலும் 54-வது ஆளுக்கு ஒரு முகம் இருக்கிறது, போனில் அவன் முதலில் அம்மாவைத்தான் கூப்பிடுவான் என்பதெல்லாம் பல ரசிகர்களுக்கு அந்தத் தொடரில்தான் தெரிந்திருக்கும். எனக்கு இதில் இரண்டு மனசு.

'வெட்டினா என்ன, கர்ட் வார்னரைப் பாருங்க' என்று உடனே ஓர் உதாரணம் வரும். உண்மைதான். 1994-ல் கிரீன் பே கேம்ப்பிலிருந்து அனுப்பப்பட்டவர் வார்னர். அயோவாவில் ஒரு மளிகை சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிப்டில் சாமான் அடுக்கினார். நான் மேலே சொன்ன 1999 ராம்ஸ் இருக்கிறதே, அதைச் சாம்பியன் ஆக்கியது அவர்தான். சினிமாகூட எடுத்துவிட்டார்கள். ஆனால், அந்தக் கதையில் ஒரு பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவார்கள். அந்த ஆகஸ்டில் ஒரு முன்னோட்ட ஆட்டத்தில் டிரென்ட் கிரீன் என்பவரின் முழங்கால் போயிற்று. ஆட வேண்டியவர் அவர்தான். வார்னர் உள்ளே வந்த கதவு அந்த முழங்கால். அப்புறம், கணக்குத் தெரிந்தவன் என்ற முறையில் இன்னொன்று. ஒரே ஒரு வார்னரைக் காட்டி வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறுதல் சொல்வது, லாட்டரியில் பரிசு விழுந்தவன் போட்டோவைக் காட்டிச் சீட்டு விற்கிற வியாபாரம்.

மறுபடி கிரீன் பேக்கே போவோம். அங்கே ஓர் அழகான வழக்கம் உண்டு. கேம்ப் நாட்களில் அந்த ஊர்ச் சிறுவர், சிறுமிகள் சைக்கிளோடு வந்து காத்திருப்பார்கள். ஸ்டேடியத்திலிருந்து பயிற்சி மைதானத்துக்கு ஆட்டக்காரர்கள் அந்தச் சைக்கிள்களில்தான் போவார்கள். நூற்று முப்பது கிலோ ஆசாமி, பொடியனின் சைக்கிளில் முட்டி முகவாயில் இடிக்க மிதிப்பார். சைக்கிளின் சொந்தக்காரப் பொடியன் அவருடைய ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடுவான். அறுபது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அந்தப் பொடியனுக்கு 53-ம் தெரியாது, 90-ம் தெரியாது. தன் சைக்கிளை எடுத்தவர்தான் அவனுக்கு டீமிலேயே பெரிய ஆள்.

செப்டம்பரில் முதல் ஆட்டம் டி.வி.யில் ஓடும்போது அவன் அப்பாவிடம் கேட்பான் இல்லையா, 'என் சைக்கிளை ஓட்டினாரே, அவர் எங்கேப்பா?' என்று. நீங்கள் அந்த அப்பாவாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? ஆகஸ்டில் 'இவன் வேஸ்ட், தூக்கு' என்று அவன் காதுபடச் சொன்னவரும் நீங்கள்தான் என்றால்?